உஷார்! ஆறு கடைவீதிக்குள் வர அணை திறக்க வேண்டியதில்லை

ஆற்றங்கரை ஊர்களில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஜார் முழுக்கக் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "அணையில எவ்வளவு தொறந்திருக்காவ?" பத்தாயிரம் கனஅடிதான் என்று பதில் வந்துவிட்டால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறோம். அந்தத் தூக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அணைக் கணக்கு வெள்ளத்தின் ஒரு பகுதியை மட்டுமே சொல்லும். மீதியைச் சொல்ல வேறு ஆள் வரமாட்டார். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்ப முடியவில்லையா? தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலைக் கேளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியால் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் விடாமல் மழை. மறுநாள் காலை 8.30 மணிக்கு 24 மணி நேரக் கணக்கு எடுத்தபோது காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுக்கக் காணும் சராசரி மழையைவிடக் காயல்பட்டினம் ஒரே நாளில் கண்டது அதிகம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் ஏரல். சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் பலசரக்குக்கும் தேடி வரும் அந்தக் கடைவீதியில் ஆள் உயரத்துக்கு ஆறு ஓடியது. ஏரல் பாலத்தின் அணுகுசாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. ஊர் தீவானது. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. வடிந்தபிறகு கடைகளைத் திறந்தவர்கள் கண்டது சேற்றில் ஊறிய சரக்கை.

ஏரலில் நடந்தது ஏரலோடு முடிகிற சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆற்றுக்குப் பக்கத்தில், குளத்துக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி நீளும் எந்தக் கடைவீதிக்கும் அதே கணக்குதான்.

அணைக்குக் கீழே பெய்கிற மழைக்கு ஷட்டர் கிடையாது

தாமிரபரணியிலும் அதன் துணையாறுகளிலும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று பெரிய அணைகள் உண்டு. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மலையில் கொட்டுவதை இவை பிடித்துவைக்கும்; நிரம்பினால் திறந்துவிடுவார்கள். செய்தியில் வருவது இந்தக் கணக்கு.

ஆனால் ஆறு அதோடு நின்றுவிடுகிறதா? திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேர்கிறது. அப்புறம் பச்சையாறு. சீவலப்பேரியில் குற்றால மலைத் தண்ணீரைத் தென்காசிச் சீமை முழுக்கக் கடத்திக்கொண்டு வரும் சிற்றாறு. இவை போக ஓடைகள், குளங்களின் மறுகால்கள், வயல்வெளித் தண்ணீர். பெரிய அணைகளுக்குக் கீழே உள்ள இந்தப் பரப்பில் பெய்வதை மேலே உள்ள எந்த மதகும் தடுக்க முடியாது. 2023-இல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் போனது நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல். லிட்டரில் சொன்னால் ஒவ்வொரு நொடியும் 28 லட்சம் லிட்டருக்கு மேல். அணைகளுக்குக் கீழே பெய்த மழைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஒரு எளிய கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் பெய்த 62 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 62 கோடி லிட்டர். உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம் உங்கள் கடைவீதியை நோக்கிச் சரிகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மலை அணையில் திறக்கும் தண்ணீர் உங்கள் ஊர் வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் தண்டோராவோ ஆட்டோ மைக்கோ வந்துவிடும். உங்கள் தலைக்கு மேலேயே பெய்கிற மழை அந்த அவகாசத்தைத் தராது. ஆகவே மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அணையில் எவ்வளவு? துணையாறுகளில் எவ்வளவு? நம் ஊரிலும் பக்கத்துக் குளங்களிலும் நிலைமை என்ன? மூன்றில் இரண்டு மோசம் என்றால் மூன்றாவதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சிவப்புக்கு மேலே நிறம் இல்லை

வானிலை மையத்தின் எச்சரிக்கையை நாம் படிக்கும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. அதோடு வகை முடிந்தது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, காயல்பட்டினத்தின் 95-ம் அதி கனமழைதான். அதி கனமழைக்கு விடும் 'ரெட் அலர்ட்' என்ற இரண்டு சொல்லுக்குள் நாலரை மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

"போன வாரமும் ரெட் அலர்ட்டுன்னாங்க, தூறல்தான் போட்டுச்சு" என்று சிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாவட்டம் முழுமைக்கும் விடும் எச்சரிக்கை உங்கள் தெருவில் பலிக்காமல் போகலாம், வாஸ்தவம். ஆனால் பலிக்கிற நாளில் எவ்வளவு பெய்யும் என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. நாலு தடவை வீணாகச் சரக்கை ஏற்றி இறக்கிய கூலியும் ஒரு தடவை மொத்தச் சரக்கும் போவதும் ஒன்றா? வியாபாரிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதேபோல, "1992 வெள்ளத்துலயே இங்க வரல" என்ற பேச்சையும் ஓரமாக வையுங்கள். பழைய வெள்ளக்கோடு என்பது பழைய ஊருக்குப் போட்ட கோடு. அதற்குப் பிறகு எத்தனை வாய்க்கால் சுருங்கியது, எத்தனை ஓடைமேல் கட்டடம் வந்தது, சாலை எத்தனை முறை உயர்ந்து உங்கள் கடைத் தளம் எத்தனை அடி பள்ளமானது? மேலே மேலே தார் போட்டுச் சாலையை உயர்த்திய ஊர்களில் மழைத்தண்ணீர் முதலில் இறங்குவது கடைக்குள்தான்.

படித்துறையையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்

வெள்ளம் பார்க்க எல்லாரும் படித்துறைக்கோ பாலத்துக்கோ போவோம். தண்ணீர் இன்னும் மூன்று படி கீழே நிற்கிறது என்று திரும்பிவிடுவோம். கடைவீதிக்குத் தண்ணீர் வர வேறு மூன்று வழிகள் உண்டு. படித்துறை வழி அவற்றுக்கும் பிறகுதான்.

முதலாவது, சாக்கடை. ஊர்த் தண்ணீர் ஆற்றில் போய் விழும் இடத்தைவிட ஆற்று மட்டம் உயர்ந்துவிட்டால், ஊர்த் தண்ணீர் வெளியேறாது. ஆற்றுத் தண்ணீர் அதே குழாய் வழியே ஊருக்குள் ஏறும். சாக்கடை மூடி குமிழி விடுகிறதா, கழிவறைக் கோப்பையில் தண்ணீர் எதிர்த்து வருகிறதா? ஆறு கரைக்குள்ளேயே இருக்கும்போது கிடைக்கும் முதல் அறிவிப்பு அது. அப்போதே கிளம்ப வேண்டும்.

இரண்டாவது, குளம். நம் மாவட்டங்களில் குளங்கள் சங்கிலித் தொடராக இருக்கின்றன. ஒன்றின் மறுகால் அடுத்ததை நிரப்பும். மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை தாங்காமல் வரிசையாக உடையும். 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரையே வெள்ளக்காடாக்கியது. ஆறு கிழக்கே இருக்கிறது என்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்கு மேற்கிலிருந்து தண்ணீர் வரும்.

ஏரித்தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை சாட்சி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் அங்கே ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பிப் பாய்ந்த தண்ணீர், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பள்ளத்துக்கு இழுத்துப்போனது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர் அது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்தபிறகு நடந்தது இது.

மூன்றாவது, வாய்க்கால். அணைக்கட்டிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால் பெரும்பாலும் ஊருக்குள் புகுந்து, கடைகளின் முதுகை உரசிக்கொண்டு போகும். அமலைச்செடியும் பிளாஸ்டிக்கும் ஒரு சின்னப் பாலத்தடியில் அடைத்துக்கொண்டால் போதும், கரையேறிப் பின்கதவு வழியே குடோனுக்குள் வந்துவிடும். முன்வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் பின்கதவை மறந்த கடைகள் எத்தனையோ.

நட்டநடு ராத்திரியில் வரும்

சரியாக இரண்டாம் ஜாமத்தில்தான் வெள்ளம் வர வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் ராத்திரிக்குத் தயாராக இல்லாதவரைத்தான் அது பிடிக்கிறது. அதே 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியதாயிற்று; எல்லாரையும் வெளியே கொண்டுவரவே 19-ஆம் தேதி ஆனது. ரயில்வேயாலேயே நெருங்க முடியாத இடத்துக்கு உங்களைத் தேடி உடனே படகு வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்துவிட்டது 1,68,000 கனஅடி. படிப்படியாக அறிவித்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் கரையோர மக்கள். யார் சொன்னது சரி என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: முந்தின நாள் மாலை கேட்ட கனஅடிக் கணக்கு மறுநாள் விடிவதற்குள் பலமடங்கு ஆகிவிடலாம். இரவில் ஒருவராவது விழித்திருந்து மணிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

செல்போனையும் முழுசாக நம்பாதீர்கள். கோபுரத்துக்கு மின்சாரம் போய், டீசலும் தீர்ந்தால் சிக்னல் போய்விடும். மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலியையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியையும் இப்போதே இறக்கி வையுங்கள். அவசர எண்கள் 1077 (மாவட்டம்), 1070 (மாநிலம்). இவற்றோடு பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோவும் வேண்டும்.

ஷட்டருக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். தண்ணீர் வீதிக்குள் வந்தபிறகு சரக்கைக் காப்பாற்றக் கடைக்குள் போகாதீர்கள். தம்பியை அனுப்பாதீர்கள். கடைப் பையனை நிச்சயமாக அனுப்பாதீர்கள். அவன் முதலாளி சொல்லைத் தட்டமாட்டான்.

காரணம் கேளுங்கள். பத்தடி அகல ஷட்டருக்கு வெளியே மூன்றே காலடி, அதாவது ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால், அதன்மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை டன். உள்ளே இருப்பவர் எத்தனை பேராக இருந்தாலும் தூக்க முடியாது. அழுத்தத்தில் தகடு வளைந்து பள்ளத்திலேயே இறுகிக்கொள்ளும். அல்லது சட்டெனப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாயும். பின்கதவு இல்லாத கடை அந்த நேரத்தில் பொறி.

உள்ளே மிதக்கும் சாமான் வேறு. ஃபிரிட்ஜ், டீப் ஃபிரீசர், காஸ் சிலிண்டர் எல்லாம் மிதக்கும். மிதந்து வந்து கதவை அடைத்துக்கொள்ளும். மெயினை அணைத்துவிட்டோம் என்று தண்ணீரில் கால் வைப்பவர்கள் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். தெருவில் கரண்ட் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் உங்கள் கடை ஒயரில் கரண்ட் விட்டுக்கொண்டுதான் இருக்கும். மழை வலுக்கும்போதே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் சுவிட்சு பெட்டி அருகே வந்துவிட்டால் எதையும் தொடாமல் வெளியேறி மின்வாரியத்தை அழையுங்கள். மின்னகம் எண் 94987 94987.

வீதியில் ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, அரையடிதான் இருக்கிறது என்று இறங்காதீர்கள். வேகமாக ஓடினால் அரையடித் தண்ணீரே வாலிபனைத் தள்ளிவிடும். ஒரு அடியில் பல கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. கலங்கல் தண்ணீருக்கு அடியில் திறந்துகிடக்கும் சாக்கடை எங்கே என்று நாற்பது வருஷமாக அதே வீதியில் கடை வைத்தவருக்கும் தெரியாது. பாலத்தின் நடுப்பகுதி நின்றாலும் இருபக்க அணுகுசாலை அடியில் அரித்திருக்கும்; ஏரலில் போனது அதுதான். வெள்ளம் பார்க்கவும் செல்பி எடுக்கவும் பாலத்தின் முனையில் கூடுவது தற்கொலைக்குச் சமம்.

எப்போது எதைச் செய்வது?

பயப்படுவதற்கு ஒரு நேரம், செயல்படுவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டால் பதற்றம் குறையும்.

*மஞ்சள் எச்சரிக்கை வந்ததும்:* வாய்க்கால், மறுகால், குளக்கரை நிலைமையைப் போய்ப் பாருங்கள். வண்டிகளில் எரிபொருளை நிரப்புங்கள். போன், டார்ச், பவர் பேங்க் சார்ஜ் போடுங்கள். தரையோடு கிடக்கும் சரக்கை முதல் தட்டுக்கு ஏற்றுங்கள். புதுக் கொள்முதல் லோடு இறங்க வேண்டியிருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

*ஆரஞ்சு வந்ததும்:* கடையைச் சீக்கிரம் அடையுங்கள். விலை அதிகமானதும் நனைந்தால் உருப்படாததும் முதலில் மேலே போக வேண்டும்: பட்டு, மருந்து, எலக்ட்ரானிக்ஸ், மளிகையில் சீனி, உப்பு, மாவு. எவர்சில்வர் பாத்திரம் கடைசியில் போனால் போதும், அதைக் கழுவிக்கொள்ளலாம். தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி ஆகியவற்றையும் கழற்றி மேலே வையுங்கள். பரண் ஆளுயரம்தான் என்றால் பரணை நம்பாதீர்கள். மாடி உள்ள பக்கத்துக் கடையில் இடம் கேட்டு வையுங்கள். பூச்சிமருந்து, ஆசிட், மண்ணெண்ணெய், பெயின்ட் விற்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஒரு டின் கவிழ்ந்தாலும் வீதித் தண்ணீர் முழுக்க விஷம்.

*சிவப்பு வந்ததும், அல்லது சிவப்பு வராமலேயே மூன்று மணி நேரம் விடாமல் கொட்டினால்:* கல்லாவில் உள்ள பணத்தையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, சிலிண்டரை மூடிச் சுவரோடு கட்டி, பூட்டிவிட்டு மேட்டுக்குப் போங்கள். வண்டியைக் கடைவாசலில் விடாதீர்கள். கடையிலேயே படுக்கும் வெளியூர்ப் பையன்கள், வீதியில் தங்கும் பெரியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகளை வெளிச்சம் இருக்கும்போதே அழைத்துச் செல்லுங்கள்.

*சாக்கடை எதிர்த்தால், தண்ணீர் நிறம் திடீரெனச் செம்மண்ணாக மாறினால், மரமும் கூரையும் மிதந்து வந்தால், குளக்கரையில் கசிவு கண்டால்:* எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள். மாட்டிக்கொண்டால் மாடிக்குப் போங்கள். கூரைக்கு வழியில்லாத உள்பரணில் ஏறி அடைபட்டுவிடாதீர்கள்.

காகிதம் இருந்தால்தான் காசு வரும்

வெள்ளத்தில் போன சரக்கைவிட, போனதை நிரூபிக்க முடியாமல் போனதுதான் பல வியாபாரிகளை எழவிடாமல் அடிக்கிறது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு இருக்கிறது. தீயோடு வெள்ளமும் இதில் சேர்ந்தது. எந்தப் பாலிசியாக இருந்தாலும் இன்றைக்கே மூன்று விஷயங்களைப் பாருங்கள். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? கடை முகவரியோடு குடோன் முகவரியும் எழுதியிருக்கிறதா? தீபாவளி, பொங்கல் சீசனில் சரக்கு எவ்வளவு ஏறுமோ அந்த மதிப்புக்கு எடுத்திருக்கிறதா?

மூன்றாவது கேள்விதான் வில்லங்கம். 10 லட்சம் சரக்குக்கு 5 லட்சத்துக்குத்தான் பாலிசி என்று வையுங்கள். 4 லட்சம் நஷ்டமானால், "எப்படியும் 5 லட்சத்துக்குள்தானே, முழுசாகக் கிடைக்கும்" என்று நினைப்போம். பாதி மதிப்புக்கே எடுத்திருக்கிறீர்கள் என்று கழித்து 2 லட்சம்தான் தருவார்கள். வங்கிக் கடன் உள்ளவர்கள், "பேங்க்காரங்களே இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க" என்று இருந்துவிடாதீர்கள். போய்ப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கொள்முதல் பில்லையும் இருப்புக் கணக்கையும் ஒவ்வொரு வாரமும் போனில் படம் எடுத்து, உள்ளூரில் இல்லாத ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். மாதம் ஒரு முறை ரேக்கு ரேக்காக வீடியோ. வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்கும் கணக்கு வேண்டும், ஆடிட்டரைக் கேளுங்கள். தண்ணீர் வடிந்ததும் சுவரில் அது நின்ற கோடு தெரிய ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் நாசமான சரக்கை வாரிக் கொட்டிவிடாதீர்கள். நாற்றம் பொறுக்காமல் அப்புறப்படுத்தியே தீர வேண்டுமானால் படமும் எண்ணிக்கையும் எடுத்து, அவர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். முங்கிய வண்டியை ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்ற ஆசையை அடக்குங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை ஓட்டி உடைத்தால் சாதாரணப் பாலிசியில் அந்தச் செலவு வராது.

வடிந்தபிறகும் உஷார்

மழை விட்டது, வெயில் அடித்தது என்று உடனே ஷட்டரைத் தூக்காதீர்கள். மேலே இன்னொரு குளம் தளும்பிக்கொண்டிருக்கலாம். உள்ளே பாம்பு இருக்கும். சுவர் ஊறி நிற்கும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஒரு சுவிட்சும் போடக் கூடாது. ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையில் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு இருக்கிறது.

எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்று கழுவுகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். முழங்கால் பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், வெள்ளத்தில் வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கிணறு, தொட்டியைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

ஒரு வார்த்தை, பலசரக்கு அண்ணாச்சிக்கும் மருந்துக்கடைக்காரருக்கும்: வெள்ளத்தில் நனைந்த மாவு, பருப்பு, மாத்திரைகளைக் காயவைத்து விற்காதீர்கள். நஷ்டம் பெரிதுதான். ஆனால் நனைந்த சரக்கை வாங்கிச் சாப்பிடப் போவது அதே வெள்ளத்தில் வீடு இழந்த உங்கள் வாடிக்கையாளரின் குழந்தை.

வதந்தி இன்னொரு வெள்ளம். "அணை உடைஞ்சிருச்சு" என்று ஒரு குரல் செய்தி வாட்ஸ்அப்பில் பரவினால் ஊரே தலைதெறிக்க ஓடும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாத எதையும் அனுப்பாதீர்கள். 1077-ஐக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கடைக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டியவை

தனிக் கடை தன்னைத் தானே ஓரளவுதான் காக்கும். வீதியைக் காக்க வியாபாரிகள் சங்கம் கூட வேண்டும், அதுவும் மழைக்கு முன்பு. மின்கம்பத்திலும் கோயில் சுவரிலும் கடைசியாக வந்த வெள்ளத்தின் உயரத்தைச் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். புதிதாகக் கடை எடுக்க வருபவருக்கும் பரண் அடிக்கும் தச்சருக்கும் அதுதான் அளவு. வீதியில் மாடி உள்ள கட்டடங்கள் எவை, சாவி யாரிடம் என்று பட்டியல் போடுங்கள். மேல்கரை ஊர்களின் வியாபாரிகளோடு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். சீவலப்பேரியிலிருந்து ஒருவர் அனுப்பும் ஒரு படம், கீழே இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் வாங்கித் தரலாம். போன் செத்தால் என்ன செய்வது? கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலய மணி எதுவானாலும் ஒரே அடையாளம் என்று முன்பே பேசிமுடியுங்கள்.

கூடவே, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடைக்குப் பின்னால் வாய்க்கால்மேல் கான்கிரீட் போட்டுக் குடோன் எடுத்திருப்பது யார்? சாக்கடையை அடைத்துப் படி கட்டியிருப்பது யார்? அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் ஆற்றோரம் கொட்டுவது யார்? அதிகாரிகளைக் கேட்க வேண்டியதைக் கண்டிப்பாகக் கேட்போம்: குளக்கரையைப் பலப்படுத்துங்கள், மறுகால் பாதையை மீட்டெடுங்கள், திறக்கும் கனஅடியை ராத்திரியிலும் மணிக்கு ஒரு முறை சொல்லுங்கள். ஆனால் நம் பங்குக்கு நாம் அடைத்துவைத்த அந்தப் பத்தடி வாய்க்காலைத் திறந்துவிட்டுக் கேட்டால் குரல் இன்னும் உரக்கக் கேட்கும்.

சங்கக் கூட்டத்தைப் புரட்டாசி முடிவதற்குள் போடுங்கள். வாய்க்கால் தூர்வாரும் நாள், ராத்திரி முறைவிழிப்பு, மாடிச் சாவி இந்த மூன்றையும் பெயர் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "வெள்ளம் வந்தா சரக்கு போகட்டும், நீ உள்ள போகாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவையுங்கள். சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம்.